மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தும் கார் இடப்பக்கம் இழுக்கிறது: ஸ்டியரிங் ரேக்கை மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளச்சலில் வீடு, வேலை வளைகுடாவில். ஐந்து ஆண்டான சிறிய கார், 48,000 கிலோமீட்டர் ஓடியது. நீங்கள் ஊரில் இல்லாத எட்டு மாதமும் வீட்டு முற்றத்திலேயே நின்றிருக்கிறது. விடுப்பில் வந்ததும் முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டீர்கள். அதற்குப் பிறகு வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு கடைகளில் மூன்று முறை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை, பார்த்தும் சரியாகவில்லை. கடைசியாகப் பார்த்தவர், "ஸ்டியரிங் ரேக் போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும்" என்கிறார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டுதான் ரேக். அதை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. விடுப்பு முடிய மூன்று வாரம்தான் மிச்சம், அடுத்த செலவை யார் பேச்சை நம்பிச் செய்வது? நான் பதில் சொல்ல விரும்புவது இந்த இரண்டாவது கேள்விக்கு.

நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்துவிட்டு, தக்கலைப் பக்கம் 26 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் அலைன்மென்ட் இயந்திரம் கிடையாது. அந்த வேலைக்கு வண்டியைப் பிறரிடம் அனுப்பி, அவர்கள் தரும் தாளைப் படித்துப் பழகியவன். சுருக்கமான பதில் இது: ரேக்கை இப்போது மாற்றாதீர்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகள், வண்டி எட்டு மாதம் நின்றதும் முன்னால் புது டயர் போட்டதும், ரேக்கைக் காட்டிலும் பெரிய சந்தேகத்துக்கு உரியவை. இரண்டையும் இரண்டு நாளில், பெரிய செலவில்லாமல் சோதித்துவிடலாம்.

அதற்கும் முன்னால், வண்டி உண்மையிலேயே இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் கேட்டாக வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி, இரண்டு ஓரத்துக்கும் சரிவாகப் போடுகிறார்கள். சரிவு ஏறத்தாழ 2 முதல் 2.5 சதவீதம், அதாவது மூன்று மீட்டர் அகலத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் இறக்கம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சரிவு இல்லாவிட்டால் சாலை குளமாகிவிடும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே பிடியைத் தளர்த்தினால் குறையே இல்லாத வண்டியும் மெல்ல இடப்பக்கம்தான் சாயும். வலப்பக்கம் இழுக்கும் வண்டி பட்டறைக்கு வந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன், ஏனென்றால் அது சரிவை எதிர்த்து ஏறுகிறது. இடப்பக்கம் என்றால், எவ்வளவு என்று கேட்பேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை விரல்நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு போகும்போது, ஐந்தாறு வினாடி நேராகப் போய்ப் பிறகு மெதுவாக விலகினால் அதை நான் கோளாறாக எண்ணுவதில்லை. விட்ட கணமே விலகினாலோ, நேராக வைத்திருக்க விரலில் எடை தெரிந்தாலோ கோளாறுதான். இது புத்தக அளவு அல்ல, என் கைப்பழக்கம்.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலை நேரானது, சமமானது என்று அங்கே கொண்டுபோய்ச் சோதிப்பார்கள். வலப்பக்கத் தடத்துக்கு மாறியும் இடப்பக்கமே இழுக்கிறது, ஆகவே கோளாறு வண்டியில்தான் என்று முடிவுகட்டுவார்கள். நடுவில் திட்டு வைத்த சாலையில் ஒவ்வொரு பக்கமும் பெரும்பாலும் முழு அகலத்துக்கும் இடப்புறமாகவே சரிந்திருக்கும். தடம் மாறினால் சரிவு மாறாது. சரிவு மாற வேண்டுமானால் நடுவில் உயர்ந்த இருவழிச் சாலை வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, தொலைவு வரை பார்வை எட்டும் கிராமச் சாலையில், விடியற்காலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எதிரே கவனிக்கச் சொல்லிவிட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் சில வினாடி மட்டும் வலப்பாதியில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இடப்பக்கமே இழுத்தால் குறை வண்டியில் இருக்கிறது. மெல்ல வலப்பக்கம் சாய்ந்தால் வண்டி நலம். நெடுஞ்சாலையில் இதைச் செய்யவே கூடாது.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், தோவாளையிலிருந்து பூ ஏற்றிப் போகும் வேன்காரர் ஒருவர் வந்தார். வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்துவிட்டேன் என்றார். எங்கே இழுக்கிறது என்று கேட்டேன். காவல்கிணறு தாண்டி வள்ளியூர் போகும் வழியில் என்றார். "திரும்பி வரும்போது எப்படி, அண்ணாச்சி?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரும்போது இடப்பக்கம் தள்ளுகிறது" என்றார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. வடக்கே போகும்போது மேற்குக் காற்று இடப்புறம் அடித்து வலப்பக்கம் தள்ளும், தெற்கே திரும்பும்போது மாறிப்போகும். உயரமான வேனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்றால் வண்டியில் கைவைக்கத் தேவையில்லை. உங்கள் வண்டி இரண்டு திசையிலும் இடப்பக்கமே இழுக்கிறது என்று எழுதியிருப்பதால், காற்றை நான் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

அடுத்து, எப்போது இழுக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டியை அலைன்மென்ட் மேடையில் ஏற்றும் கடையை நான் நம்புவதில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும், அலைன்மென்ட் அதற்கு மருந்தல்ல. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுத்து, காலை எடுத்ததும் நின்றால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டோ தளர்ந்திருக்கலாம், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டையும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்பி வந்தபின் இடப்பக்கமும், வலப்பக்கம் திரும்பி வந்தபின் வலப்பக்கமும் இழுத்தால், ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் உள்ள பேரிங்கோ, பால் ஜாயின்ட் என்னும் பந்துமூட்டோ இறுகிப்போய், ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் தங்கிவிடுகிறது என்று பொருள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில் இழுத்தால் டயர் அல்லது கோணங்கள். ஓட ஓட இழுப்பு கூடினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங் கோணலாக நின்றாலும் வண்டி நேராகப் போகிறது என்றால், அது இழுப்பே அல்ல, வேறு குறை. நீங்கள் "எப்போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். "கொஞ்ச தூரம் போனபிறகு நன்றாகத் தெரிகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது வரி எனக்கு உறுத்துகிறது.

டயரிலிருந்து தொடங்குங்கள். முதலில் காற்று. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின், டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கு சக்கரத்திலும் ஒரே கருவியால் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வரம்பு, அதைப் பார்த்துக் காற்று அடைக்கக் கூடாது. முன்னிரு டயர்களுக்குள் ஐந்தாறு பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே, குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.

காற்று சரியாக இருந்தால், டயரின் உள்ளமைப்பைச் சந்தேகப்பட வேண்டும். புது டயரில் குறை எப்படி வரும் என்று கேட்பீர்கள். ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகள் வட்டமாகச் சுற்றப்பட்டிருக்கும். அந்தப் பட்டை நடுவிலிருந்து சற்று விலகி அமைந்துவிட்டால், வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது. ஆனால் பாரம் ஏறியதும் அந்த டயர் ஒரு பக்கம் விட்டம் குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். கடலை மடித்துத் தரும் கூம்புப் பொட்டலத்தைத் தரையில் உருட்டிப் பாருங்கள், அது நேராகப் போகாது, வட்டமடிக்கும். இந்த டயரும் அப்படித்தான் உருளப் பார்க்கும். எந்த அலைன்மென்ட் இயந்திரமும் இதைக் காட்டாது. இயந்திரம் சக்கரத்தின் கோணத்தை அளக்கிறது, டயரின் குணத்தை அளப்பதில்லை. தாளில் எல்லாம் பச்சையாக, அதாவது சரியான அளவுக்குள், இருக்கும், வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று முறை பார்த்தும் சரியாகாத வண்டிகளில் நான் அடிக்கடி கண்ட காரணம் இது.

சோதனை எளிது. முன் இடச் சக்கரத்தையும் முன் வலச் சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பக்கம் கழற்றிய இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டால் ஒரே ஜாக்கியில் முடித்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் சுழல் திசை காட்டும் அம்பு இருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது, அப்போது முன்சக்கரங்களை அதே பக்கத்துப் பின்சக்கரங்களோடு மாற்றிப் பாருங்கள், இழுப்பு போய்விட்டால் காரணம் டயர். மாற்றியபின் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் போய்விட்டால், அல்லது சாலைச் சரிவோடு சமப்பட்டு வண்டி நேராக ஓடினால், காரணம் டயர்தான், ஐயமே வேண்டாம். கொஞ்சமும் மாறாமல் இடப்பக்கமே இழுத்தால், டயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். டயர்தான் என்று உறுதியானால், அந்த இரண்டையும் பின்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்டயர்களை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் போனால் இழுப்பு பெரும்பாலும் தெரியாமல் போகும். புது டயர் என்பதால் விற்ற கடையில் உத்தரவாதம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றிப் போட்ட சோதனையின் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள், வெறுமனே "இழுக்கிறது" என்றால் மறுபடியும் அலைன்மென்ட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

இனி பிரேக். உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகள் பட்டறைக்கு வந்தால், சக்கரத்தைக் கழற்றும்போதே கடலோர வண்டி என்று தெரிந்துவிடும். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம் காலிப்பர். அது இரண்டு பின்களின், அதாவது சிறு இரும்புத் தண்டுகளின், மேல் வழுக்கி நகர வேண்டும். பிரேக்கை மிதித்தால் பேடு டிஸ்க்கைப் பிடிக்க வேண்டும், காலை எடுத்தால் விட வேண்டும். வண்டி எட்டு மாதம் நகராமல் நின்றால் அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்து துருவேறும், பேடைத் தள்ளும் பிஸ்டனும் தன் இடத்திலேயே இறுகிப்போகும். பிறகு மிதிக்கும்போது பிடிக்கும், விடும்போது முழுவதும் விடாது. பேடு டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். இடச் சக்கரத்தில் இப்படி ஆனால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஓட ஓடச் சூடேறி, பிடி இறுகி, இழுப்பும் கூடும். நீங்கள் எழுதிய அந்த இரண்டாவது வரி இதோடு பொருந்துகிறது. பொருந்துகிறது என்றுதான் சொல்கிறேன், இதுதான் என்று சொல்லவில்லை.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. சமமான சாலையில், கூடுமானவரை பிரேக்கைத் தொடாமல், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கி வந்து இதைச் செய்யாதீர்கள், இறக்கத்தில் எல்லாப் பிரேக்கும் சூடாகத்தான் இருக்கும். நிறுத்தும்போதும் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். உடனே இறங்கி, முன்சக்கரங்களின் ரிம் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு என்றால் நல்லது. ஒரு பக்கம் அனலடித்தால், கருகிய வாடை வந்தால், அந்தச் சக்கரம்தான். பின்சக்கரங்களையும் பாருங்கள். எட்டு மாதமும் ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றிருந்தால் பின்சக்கரப் பிரேக் டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும், கேபிளும் பிடித்திருக்கும். பின்சக்கரம் உரசுவது ஸ்டியரிங்கில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அதற்கும் ஓர் இழுப்பு உண்டு.

சூடான சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் காலிப்பரை மாற்றச் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு படி இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை ஒருமுறை மிதித்துவிட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகை, சற்றுத் திறக்க வேண்டும். கொஞ்சம் பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் லேசானால் காலிப்பர் நலம், குறை மேலே இருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போய், ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாமல் அடைத்திருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால்தான் காலிப்பரின் பிஸ்டனோ பின்களோ பிடித்திருக்கின்றன. இந்தச் சோதனையை மெக்கானிக் செய்யட்டும், பிறகு பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். பின்கள் மட்டும் பிடித்திருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். கண்ணில் பட்ட சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உறைகள் ஊதி, சில மாதத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் பலரையும் குழப்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிதிக்காமல் ஓடும்போது, உரசும் சக்கரத்தின் பக்கம் வண்டி இழுக்கும். மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், நன்றாகப் பிடிக்கும் சக்கரத்தின் பக்கம் இழுக்கும். குறை எதிர்ப்பக்கத்தில், பிடிக்காத சக்கரத்தில் இருக்கலாம். இடப்பக்கம் இழுக்கிறது என்றதும் இடக் காலிப்பரை மாற்றிவிட்டு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட்டை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு உரிய இடம் கடைசியில் இருக்கிறது என்கிறேன். மூன்று கோணங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளே குவிகின்றனவா, வெளியே விரிகின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பது கேஸ்டர். பெரும்பாலான சிறிய கார்களில் கடைக்காரரால் திருப்பிச் சரிசெய்யக்கூடியது முன்பக்க டோ ஒன்றுதான். ஆனால் முன்பக்க டோ மட்டும் பிசகினால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதில்லை. ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ரம்பப் பல்போலத் தேயும், அவ்வளவுதான். இழுப்பைத் தருபவை கேம்பரும் கேஸ்டரும். தலை அதிகமாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கமும், கேஸ்டர் குறைந்த பக்கமும் வண்டி போகும். இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் கவனிப்பேன். ஆக, டோவை மட்டும் மூன்று முறை திருப்பிவிட்டு இழுப்பு போகவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

மூன்று முறையும் உங்களுக்குத் தாள் கொடுத்திருப்பார்கள். வீட்டில் தேடி எடுங்கள். முன்னர், பின்னர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கேஸ்டர் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாகக் கேஸ்டரை அளக்க, சுழலும் தட்டுகளின் மேல் சக்கரத்தை வைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்ட வேண்டும். நேரம் ஆகும் என்று பல இடங்களில் இதைச் செய்வதில்லை. உங்கள் கண்ணெதிரே அப்படித் திருப்பவில்லை என்றால், கேஸ்டரை அவர்கள் அளக்கவே இல்லை என்று கொள்ளலாம். அடுத்த முறை போகும்போது அளக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கேஸ்டரை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் சாலைகள். தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் வழியில் எதிரே பஸ் வந்தால் இடச் சக்கரத்தைத் தார் விளிம்பிலிருந்து இறக்கி ஏற்றாமல் ஓட்ட முடியாது. மழைக்காலத்தில் அந்த விளிம்பு அரித்து, ஒரு சாண் பள்ளமாகியிருக்கும். அடி எப்போதும் இடச் சக்கரத்துக்குத்தான். அந்த அடியில் இட லோயர் ஆர்ம் சற்றே பின்னோக்கி வளைந்தாலும், அதன் புஷ் கிழிந்தாலும், சக்கரத்தின் அடிப்பாகம் பின்னே தள்ளப்பட்டு கேஸ்டர் குறையும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். இதை டேப்பால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஆர்மையோ பின்அச்சையோ பார்க்க வேண்டும். பின்அச்சு கோணலா என்பதற்கு இன்னும் பழைய முறை ஒன்று உண்டு. சக்கரங்களை நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் நேராக ஓட்டிவிட்டு ஈரத் தடங்களைப் பாருங்கள். முன், பின் தடங்களின் விலகல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

ரேக்குக்கு வருகிறேன். ரேக் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும், குழியில் இறங்கும்போது தட்டும் ஓசை வரும், வண்டி நேர்க்கோட்டில் நிற்காமல் அலையும். எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதற்கு ரேக் காரணமாவது அரிது. அரிது என்றேனே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் வால்வு பழுதானாலும், எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் உணர்கருவியின் நடுநிலை தவறிப்போனாலும், ஸ்டியரிங் தானே ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். இதற்கும் சோதனை உண்டு. பட்டறையில் முன்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, எஞ்சினை இயக்கிக் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்டியரிங் தானாகத் திரும்பினால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் பொருள் இருக்கிறது. எலெக்ட்ரிக் வகையாக இருந்தால் அப்போதும் உடனே ரேக்கை மாற்ற வேண்டாம், ஸ்கேனர் வைத்து நடுநிலையை மறுபடி அமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் அசையாமல் நின்றால், ரேக்கை மாற்றச் சொல்பவரிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

பட்டறை தொடங்கிய மூன்றாம் ஆண்டில் நானும் இந்தத் தவற்றைச் செய்தேன். திங்கள்சந்தையிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் காருக்கு இரண்டு லோயர் ஆர்மும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டும் மாற்றினேன். இழுப்பு அப்படியே இருந்தது. கடைசியில் டயரை இடம் வலம் மாற்றிப் போட்டதும் இழுப்பு மறுபக்கம் போனது. கழற்றி வைத்த பழைய பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அவற்றில் ஆட்டமே இல்லை. அவருக்குக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், பாகங்களின் விலையைத் திருப்ப அன்று என்னிடம் பணமில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அதற்குப் பிறகு, டயரை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் இழுக்கும் வண்டியில் ஒரு நட்டைக்கூட நான் கழற்றுவதில்லை.

நாளைக் காலை காற்றை அளந்து சரிசெய்யுங்கள், மாலையில் சக்கரச் சூட்டைப் பாருங்கள், மறுநாள் டயரை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் போதும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள். இதற்கிடையில் சக்கரத்திலிருந்து புகை வந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ, மிதிக்கும்போது ஸ்டியரிங் கையிலிருந்து பறிப்பதுபோல் இழுத்தாலோ, அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கை வரவழையுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பட்டறை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

விடுப்பு முடிந்து போகும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டராவது ஓட்டி, நாலைந்து முறை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், எந்தச் சக்கரம் சூடானது, டயரை மாற்றிப் போட்டபின் எந்தப் பக்கம் இழுத்தது, கேம்பர், கேஸ்டர் எண்கள் என்ன, இவற்றை இங்கே எழுதுங்கள். இப்போது சந்தேகமாகச் சொன்னவற்றை அந்த விவரம் வந்தபின் உறுதியாகச் சொல்ல என்னால் முடியும்.